நாலு பேர் அடித்த சூடம்

எங்கள் ஆபீசுக்கு இப்போது வேலை கேட்டு வருகிற பையன்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. தலையில் மடிப்புக் கலையாத கதர்க் குல்லாய், சட்டைப் பையில் கட்சிக்காரர் கொடுத்த சிபாரிசுச் சீட்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்திரண்டில், இவர்களுடைய அண்ணன்மார்கள் இதே வாசலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, "வெள்ளைக்காரன் எச்சிச் சோறு" என்று கத்தினார்கள். அன்றைக்கு எறிந்த கல்லில் ஒன்று என் குடையில் விழுந்தது. இன்றைக்குத் தம்பிமார்கள் வந்து, "அண்ணே, ஒரு அட்டெண்டர் வேலைன்னாலும் பரவாயில்லண்ணே" என்கிறார்கள். வேலை அதே வேலைதான், நாற்காலியும் அதே நாற்காலிதான். ஆட்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது எச்சில் சோறாகவும் இருக்கும், அமுதமாகவும் இருக்கும்.

வருகிறவர்களை நான் எதிர் மேஜைக்கு அனுப்பிவிடுவேன். அங்கே இருப்பவன் காசிமாயன். பதினேழு வருஷமாகக் கதர் உடுத்துகிறவன். அதைப் பார்த்ததும் பையன்கள், "நீங்க நம்ம கட்சியாண்ணே?" என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வார்கள். அவன் அதற்குப் பதில் சொல்ல மாட்டான். விண்ணப்பத்தில் என்ன குறை என்று பார்த்துத் திருத்திக் கொடுத்து அனுப்புவான். முப்பத்தொன்பதில் காங்கிரஸ் மந்திரிகள் பதவியை விட்டு இறங்கியபோது, வேலையை விட்டுவிடச் சொல்லி அவனுக்குக் கட்சியிலிருந்து ஆள் வந்தது. வந்தவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, ரயிலடிவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தான். மறுநாள் பத்து மணிக்கு வழக்கம்போல மேஜையில் இருந்தான்.

இவன் ஏன் இப்படி ஆனான் என்று ஆபீசில் பலருக்கும் தெரியாது. கட்சியை ஏமாற்றிவிட்டவன் என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நானும் அவனும் மதுரையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என் அப்பா ஞானசீலன் அங்கே வாத்தியார். எங்கள் வீட்டுச் சுவரில் ஏசுநாதருக்குப் பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் தொங்கிக்கொண்டிருந்தார். ஜார்ஜ் படத்துக்குத்தான் சட்டம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ராஜாவுக்காக வேண்டிக்கொண்ட பிறகுதான் என் அப்பா எங்களுக்காக வேண்டுவார். அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம் என்பது மோட்சத்துக்கு ஒரு படி கீழே. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. படித்தேன், எழுதிப் போட்டேன், சேர்ந்தேன்.

காசிமாயன் விஷயம் வேறு. அவன் ஊர் சமயநல்லூருக்கு மேற்கே இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையோடு வெகுதூரம் நடக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்களில் அப்போது ரேகைச் சட்டம். குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் போதும். விரலை மையில் உருட்டி ரேகை எடுத்துக்கொள்வார்கள். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சாவடிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, விடிகிறவரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். காசிமாயனின் தகப்பனார் விருமாண்டி, மகன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலிருந்து சாவடியில்தான் படுத்தார். இரண்டு குறுக்கம் நிலமும் ஒரு ஜோடி மாடும் வைத்துப் பாடுபட்ட மனிதர். அடுத்தவன் வரப்பில் புல் அறுக்காதவர்.

அவர் எப்போதாவது ராதாரிச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு மகனைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். அவித்த மொச்சையைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார். பாதிக்குமேல் தின்பது நான்தான். ஒரு நாள், "ஒரு ராத்திரி இங்கேயே தங்கிட்டுப் போங்க மாமா" என்றேன், விவரம் புரியாமல்.

"எங்கப்பா தங்குறது! சர்க்காருக்கு என் மேல அம்புட்டுப் பாசம். ராத்திரியானா பக்கத்துலயே வச்சுக்கிருது, விட மாட்டேங்குது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காசிமாயன் சிரிக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் என்று சொன்னேனே, அது அந்த மேற்கத்தி ஊர்களுக்குப் பள்ளிக்கூடம், கிணறு, கடன் சங்கம் என்று பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது. அங்கே அப்போதிருந்த அதிகாரி ஒரு தடவை ஊருக்குப் போனபோது, விருமாண்டியின் மகன் பள்ளி இறுதி வகுப்பு தேறியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு அவரைக் கூப்பிட்டுப் பேசினாராம். "உன் பையனை எங்களிடம் குமாஸ்தாவாக அனுப்பு. அவன் சேர்ந்த மறுநாள் உன் பேரைச் சாவடியிலிருந்து எடுக்கச் சொல்லி நானே எழுதுகிறேன்" என்றாராம். அந்த ஊரில் அதுவரை யாரும் அந்த வகுப்புத் தேறியதில்லை.

காசிமாயனின் தாயார் அழகம்மாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மகனிடம் அவள் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஒங்கய்யா நம்ம வீட்டுல ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுக்கணும்டா. அதுக்குத்தான் ஒன்னையப் படிக்க வச்சேன். வேற ஒன்னும் வேணாம் எனக்கு" என்பாள்.

அந்த வருஷம் முப்பத்தொன்று. உப்புக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் காங்கிரஸ் என்றால் உக்கிரபாண்டி. நிலபுலம் உள்ளவர், நல்ல பேச்சுக்காரர், ஜெயிலுக்குப் போய் வந்ததில் முகத்தில் ஒரு களை வேறு ஏறியிருந்தது. அவர் பேசிக் கேட்டால் எனக்கே கோட்டைக் கழற்றிவிடலாமா என்று தோன்றும். சர்க்கார் சம்பளத்தை நம்பித்தான் வெள்ளைக்காரன் ஆட்சி நிற்கிறது, படித்த பையன்கள் மாட்டோம் என்று சொன்னால் மறுநாள் கப்பல் ஏறிவிடுவான் என்பது அவர் வாதம். படித்தவர்களும் படிக்காதவர்களுமாக நாலு பையன்களைக் கருப்பன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சூடத்தைக் கொளுத்தி வைத்து, "வெள்ளைக்காரன் சம்பளத்தை வாங்கித் தின்ன மாட்டோம்" என்று சொல்லி, நாலு பேரும் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார்கள். ஒருவன் காசிமாயன். இன்னொருவன் அவனுடைய தாய்மாமன் மகன் சிவனாண்டி, எட்டாவது படித்தவன். மற்ற இருவரும் ஏர் பிடிக்கிற பங்காளிப் பையன்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்க எந்த வெள்ளைக்காரனும் காத்திருக்கவில்லை, பாவம்.

உக்கிரபாண்டியின் மகன் மருது அந்தக் கூட்டத்தில் இல்லை. சென்னையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் காசிமாயனுக்கு ஆபீசிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்தது. அவன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவனைத் திட்டித் தீர்ப்பது என்றுதான் போனேன். அங்கே அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். விருமாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது சொல்லக் கூடாதா மாமா?" என்றேன்.

"கருப்பன் முன்னால சூடம் அடிச்சிருக்கான். நான் என்னத்தச் சொல்ல?" என்றார். "எனக்காகச் சத்தியம் தப்புன பயன்னு நாளைக்கு ஊரு பேசும். அதுக்கு நான் சாவடியிலயே படுத்துக்கிருவேன்."

குற்றப் பரம்பரை என்று சர்க்கார் எழுதி வைத்திருந்த மனிதர் பேசிய பேச்சு இது. சொன்ன சொல் பிசகாதவர் என்று சுவரில் தொங்கிய ஜார்ஜைப் பற்றி என் அப்பா சொல்லுவார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

காசிமாயன் கள்ளுக்கடை மறியலில் ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். பிறகு மதுரையில் ஒரு கதர்க் கடையில் துணி அளந்தான். எங்கள் அதிகாரி நல்ல மனிதர். எப்போது மனசு மாறினாலும் வரச் சொல் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நான் போய்ச் சொல்லும்போதெல்லாம் அவன், "சும்மா இரு மாப்ள" என்று கஜக்கோலைக் கையில் எடுத்துக்கொள்வான். ஆனால் சாயங்காலமானால் அவனுக்கு ஒரு தவிப்பு வந்துவிடும். இந்நேரம் அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார் என்பது அவன் நினைப்பு. ஒரு தடவை வாய்விட்டே சொன்னான், கண் கலங்க.

சிவனாண்டி பிழைப்பைத் தேடி ரங்கூனுக்குப் போய்விட்டான்.

முப்பத்தேழில் காங்கிரஸ் மந்திரிகள் வந்தார்கள். ஒரே மாதத்தில் ஊர் தலைகீழாக மாறியது. அதுவரை ஜஸ்டிஸ் கட்சிக்காரர் வீட்டுப் பையன்கள்தான் எங்கள் வராந்தாவில் நிற்பார்கள். இப்போது அவர்களைக் காணோம். கதர் போட்டவர்கள் நின்றார்கள். மருது எல்லாருக்கும் முன்னால் தாலுகா ஆபீசில் உட்கார்ந்துவிட்டான். ராஜ விசுவாசத்தை இனி எந்தப் பக்கம் காட்டுவது என்று என் அப்பா மிகவும் குழம்பிப் போனார். உக்கிரபாண்டி காசிமாயனைத் தேடிக் கதர்க் கடைக்கே வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"இப்ப நம்ம சர்க்காருப்பா. நம்ம பிள்ளைக உள்ள போனாத்தான் சனத்துக்கு நல்லது. போய்ச் சேரு" என்றார்.

"அன்னைக்குச் சூடம் அடிச்சோமேண்ணே."

"அது வெள்ளைக்காரன் சர்க்காருக்கு. இது நம்ம மந்திரி கொடுக்குற சம்பளம். நானே சொல்றேன், அப்புறம் என்ன?"

காசிமாயனின் முகம் அன்று மலர்ந்ததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அப்போதே என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி ஊருக்குப் போனான். அழகம்மாள் எங்கள் இருவருக்கும் திருஷ்டி கழித்தாள். விருமாண்டிதான் சாவடிக்குக் கிளம்பின காலோடு நின்று யோசித்தார்.

"சத்தியம் செய்யச் சொன்னவன் உக்கிரபாண்டி. வாங்கிக்கிட்டவன் கருப்பன். உக்கிரபாண்டி விட்டாப் போதுமா? கருப்பன் விட வேணாமா?" என்றார். "அதோட, மந்திரி நம்மாளாவே இருக்கட்டும். ரூவாயில இன்னும் அந்தத் தாடிக்கார ராசா தலைதான இருக்கு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டேன். அதற்கும் அவர்களிடம் முறை இருந்தது. நாலு பேர் சேர்ந்து செய்த சத்தியத்தை ஒருவன் தனியாக இறக்க முடியாது. அடித்த நாலு பேரும் அதே கோயிலில் நின்று, மறு சூடம் ஏற்றிச் சாமியிடம் கேட்டு இறக்க வேண்டும். நாலு பேரில் ஒருவன் சத்தியத்தை மீறிவிட்டான் என்றால், கட்டு அங்கேயே அறுந்தது. பாவம் மீறினவனோடு போகும், மற்ற மூவருக்கும் அப்போதே விடுதலை. இதை விருமாண்டி எனக்கு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"சிவனாண்டிக்குக் கடுதாசி போடு. மாசிப் பச்சைக்கு வரட்டும்" என்று மகனிடம் சொன்னார். மாசிச் சிவராத்திரிக்கு எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள் குலசாமி கோயிலுக்கு வந்துவிடுவார்கள். "இம்புட்டு வருசம் படுத்தாச்சு. இன்னும் ஆறேழு மாசந்தான?"

சத்தியத்தைச் சாமிக்கு முன்னால்தான் பேசலாம், காகிதத்தில் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் காசிமாயன், 'சாமி காரியம், மாசிக்கு அவசியம் வரவும்' என்று மட்டும் எழுதினான். 'அப்படியே வருகிறேன்' என்று சிவனாண்டியும் பதில் எழுதினான். எதற்காகக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. காசிமாயனுக்குச் சித்திரை வரை நேரம் இருந்தது. நான் அதிகாரியிடம் கெஞ்சி இடத்தை மாசிவரை காலியாக வைக்கச் சொன்னேன். அழகம்மாள் வீட்டுக்குள் ஒரு பக்கத்தை மெழுகிச் சுத்தம் செய்து வைத்தாள். அங்கே இருந்த தானியக் குதிர் ஒன்றை வெளியே நகர்த்தினாள், விருமாண்டி கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டுமே என்று.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சாவடிக் கூரை ஒழுகியது. விருமாண்டிக்கு இருமல் கண்டது. வீட்டில் படுத்துக்கொள்ள விடச் சொல்லி அழகம்மாள் தலையாரியிடம் போய் நின்றாள். அவரும் அதே ஊர்க்காரர்தான், ஆனால் பயம். "மேல இருந்து உத்தரவு வராம நான் எப்படித்தா விட முடியும்?" என்று கையைப் பிசைந்தார். ஒழுகாத மூலை ஒன்றைப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கார்த்திகையில் இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. காசிமாயன் கடையை விட்டு ஊருக்குப் போனான். தகப்பனைத் தோளில் தாங்கிச் சாவடிக்குக் கொண்டுபோய் விடுவான், விடிந்ததும் தாங்கிக் கூட்டிவருவான். ஒரு நாள் அவன், "நான் நாளைக்கே போய்ச் சேந்துர்றேன்யா. சத்தியமாவது மண்ணாவது" என்று அழுதிருக்கிறான். அவர் அவன் வாயைப் பொத்தினாராம். மார்கழி பிறந்து சில நாளில், விடிகிற நேரத்தில், சாவடியிலேயே அவர் உயிர் போனது. பிணமாகத்தான் அவரை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மெழுகி வைத்த அந்த இடத்தில்தான் கிடத்தினார்கள். நான் அதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்திருக்க வேண்டாம் என்று நினைப்பது அது ஒன்றைத்தான்.

துக்கம் கேட்க உக்கிரபாண்டி காரில் வந்தார். "தேசத்துக்காகத் தன் சுகத்தைக் கொடுத்த தியாகி" என்று கூட்டத்தில் சொன்னார். அழகம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாசி வந்தது. சிவனாண்டியும் சொன்னபடி வந்தான். நல்ல மனிதன், அத்தைக்கும் காசிமாயனுக்கும் துணிமணி எல்லாம் கொண்டுவந்திருந்தான். மாமன் செத்ததைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் நாலு பேரும் குளித்து ஈர வேட்டியோடு கருப்பன் முன்னால் நின்றார்கள். அப்போதுதான் சிவனாண்டிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அழகம்மாள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். நான் வேதக்காரன் என்பதால் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றேன். ஆனால் பேசியதெல்லாம் நன்றாகக் கேட்டது.

பூசாரி சூடத்தைத் தட்டில் வைத்தார். கொளுத்துவதற்கு முன்னால் முறைப்படி கேட்டார்: "நாலு பேரும் இன்னைக்கு வரைக்கும் சத்தியத்தைக் காப்பாத்துனீங்களா?"

மூன்று பேர் ஆமாம் என்றார்கள். சிவனாண்டி பேசவில்லை. பூசாரி மறுபடியும் கேட்டார். கருப்பன் முன்னால் அவர்களுக்குப் பொய் வராது.

"நான் ரங்கூன்ல தொறமுகத்துலதான வேலை பாக்குறேன், சாமி" என்றான். "வெள்ளைக்காரன் ஆபீசு. சர்க்கார் சம்பளந்தான். கடலத் தாண்டிப் போயிட்டோம், நம்ம எல்லைச்சாமி அங்கிட்டு வந்தா கேக்கப்போகுதுன்னு நெனச்சுட்டேன். தப்புத்தான்."

பூசாரி தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப இதுல எறக்குறதுக்கு என்னப்பா இருக்கு? அது என்னைக்கோ அறுந்து போச்சே" என்றார்.

அழகம்மாள்தான் முதலில் பேசினாள். அண்ணன் மகனிடம் அவள் கோபமாகக் கேட்கவில்லை, வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அந்த வேலையில எப்பய்யா சேந்த?"

"நாலு வருசமாச்சு அத்தை."

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப நாலு வருசமா அந்த மனுசன் சும்மாதான் போயி அங்க படுத்தாரா?" என்றாள்.